இணையதள நுழைவும் குடிமக்களின் உரிமையும்

கேரள அரசு 2000 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் "ஃபிரண்ட்ஸ்" என்னும் சேவை மையத்தைத் தொடங்கியது. பல துறைகளுக்குரிய கட்டணங்களையும் வரிகளையும் மக்கள் ஒரே கூரையின்கீழ்ச் செலுத்த அது வழிவகுத்தது. 2002 இல் மலப்புரம் மாவட்டத்தில் தோன்றிய அட்சயா திட்டம், கணிப்பொறிச் சேவையைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. 2024 ஜனவரி முதல் நாளன்று நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் "கே-ஸ்மார்ட்" முறை நடைமுறைக்கு வந்தது. பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி முதலியவற்றுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க இயலும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

இவ்வசதிகளைப் பயன்படுத்தும் பயிற்சியும் புறக்கணிக்கப்படவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022 இல் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று மாநிலம் முழுவதற்கும் அதே அறிவிப்பு திருவனந்தபுரத்தில் வெளியிடப்பட்டது.

ஆயினும், இச்சேவைகள் அனைத்துக்கும் ஒரு வாயில் உண்டு. பயனாளர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஏற்று உள்ளே அனுமதிக்கும் பக்கமே அது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அவ்வாயில் திறக்கவில்லையெனில், தகுதியுடைய ஒருவர் தமக்குரிய பயனை இழக்க நேரிடும். எனவே, தடை எங்கே ஏற்பட்டுள்ளது என்பதைக் கண்டறியும் முறையை அறிந்திருத்தல் மாணவர்க்கும் அலுவலர்க்கும் இன்றியமையாததாகும்.

நுழைவு நிகழும் விதம்

இணையத்தின் அடிப்படை விதிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவரே அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பதைச் சேவையகம் தானாக உணராது. இக்குறையைப் போக்க, 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி "குக்கி" என்னும் முறையை வகுத்தார். கடவுச்சொல் சரியெனில், சேவையகம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் அளிக்கிறது. மருத்துவமனையில் தரப்படும் அடையாளச் சீட்டைப் போன்று, உலாவி ஒவ்வொரு முறையும் அதனைத் திருப்பிக் காட்டுகிறது. சீட்டு தொலைந்தாலோ காலாவதியானாலோ மீண்டும் வாயிலுக்கே செல்ல வேண்டும்.

முறையாக அமைக்கப்பட்ட தளங்களில் கடவுச்சொல் உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. திரும்பப் பெற முடியாத கணித வடிவாக மாற்றி வைக்கப்படுகிறது. ஆதலால், மறந்த கடவுச்சொல்லை எந்த அலுவலராலும் எடுத்துச் சொல்ல இயலாது. புதியதை அமைக்கவே முடியும். கடவுச்சொல்லைத் தெரிவிக்குமாறு தொலைபேசியில் கேட்பவர் எவரும் மோசடிக்காரர் என்றே கொள்ளத்தக்கவர்.

ஆராய வேண்டிய வரிசை

நுழைவு தடைபட்டவுடன் பலர் கடவுச்சொல்லை மாற்ற முற்படுகின்றனர், அல்லது புதிய கணக்கொன்றைத் தொடங்குகின்றனர். இதனால் சிக்கல் பெருகுகிறது. எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்தை நோக்கிச் செல்வதே முறையாகும்.

முதலாவது, முகவரி. மத்திய, மாநில அரசுகளின் தளங்கள் பெரும்பாலும் "கவ் டாட் இன்" என்று முடிகின்றன. பூட்டுச் சின்னம் இருப்பது மட்டும் போதாது. செய்தி இரகசியமாகச் செல்கிறது என்பதையே அது உணர்த்தும். தளம் உண்மையானது என்பதற்கு அது சான்றாகாது.

இரண்டாவது, தட்டச்சு. விசைப்பலகை மலையாளத்திலோ தமிழிலோ இருக்கலாம். பெரிய எழுத்து விசை அழுத்தப்பட்டிருக்கலாம். பிரதி செய்தபோது ஒரு வெற்றிடம் சேர்ந்திருக்கலாம். உலாவி தான் சேமித்த பழைய கடவுச்சொல்லைத் தானே நிரப்பியிருக்கலாம். கண் சின்னத்தை அழுத்தி எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். பல தளங்கள் தொடர்ந்த தவறுகளுக்குப் பின் கணக்கைப் பூட்டிவிடுவதால், இருமுறை தவறியதும் நிறுத்திக்கொள்வது நன்று.

மூன்றாவது, உலாவி. கடவுச்சொல் ஏற்கப்பட்டும் அதே நுழைவுப் பக்கம் திரும்பத் திரும்பத் தோன்றுமாயின், குக்கி ஏற்கப்படவில்லை அல்லது பழுதடைந்துள்ளது என்று ஐயுறலாம். தனிப்பட்ட சாளரத்தில் முயன்று பார்ப்பது சிறந்த சோதனையாகும். பழைய குக்கிகள் அங்கு இரா. துணைச் செயலிகளும் பொதுவாக இயங்கா. அங்கே நுழைய முடிந்தால், அந்தத் தளத்துக்குரிய குக்கிகளை மட்டும் நீக்கிவிட்டுத் துணைச் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். உலாவியின் சேமிப்பு முழுவதையும் அழித்தல் தேவையற்றது.

நான்காவது, கடிகாரம். பழைய கணிப்பொறிகளில் உள் மின்கலம் தீர்ந்தால் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் கால வரையறை உண்டு. ஆதலால், தேதி தவறாயின் உலாவி தளத்தை நம்ப மறுக்கும். பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைத் தரும் செயலிகளுக்கும் சரியான நேரம் அவசியம்.

ஐந்தாவது, சேவையகம். திரையில் தோன்றும் எண்கள் இதனை உணர்த்தும். 401 என்பது அடையாளம் நிறுவப்படவில்லை என்பதையும், 403 என்பது அனுமதி மறுக்கப்பட்டதையும், 429 என்பது அளவுக்கு மீறிய முயற்சிகளையும் குறிக்கும். 500, 503 போன்றவை சேவையகத்தின் பக்கமுள்ள கோளாறுகள். வேறொரு கைபேசியில், வேறு இணைய இணைப்பின் வழியாகவும் இதே எண்கள் தோன்றினால், பயனாளர் செய்யத்தக்கது காத்திருத்தலே.

கைபேசி எண்

மேற்கூறியவை யாவும் சில நிமிடங்களில் தீரக்கூடியவை. ஆனால், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் செல்லும் எண் வேறொருவருடையதாக இருப்பின் சிக்கல் கடுமையானது. முதியவர் ஒருவருக்குக் கணக்குத் தொடங்கும்போது, உதவியவர் தம் எண்ணையே பதிந்துவிட்டால், அக்கணக்கின் திறவுகோல் அவரிடமே தங்கிவிடுகிறது. கைவிடப்பட்ட எண் பின்னர்ப் பிறருக்கு ஒதுக்கப்படுவதும் உண்டு. ஆதலால், பதிவு செய்யும் நாளிலேயே உரியவரின் எண்ணைச் சேர்த்தலும், எண் மாறியவுடன் திருத்துதலும் இன்றியமையாதவை. பொது மையங்களில் பணி முடிந்ததும் முறைப்படி வெளியேற வேண்டும். சாளரத்தை மூடுவதால் மட்டும் சீட்டு செல்லாததாகிவிடாது.

அலுவலர் கடமை

பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று தளம் பிரித்துச் சொல்லாமலிருப்பது ஊடுருவுவோரைத் தடுக்கும் ஏற்பாடாகும். ஆனால், சேவையகம் பழுதுற்றிருக்கையில் பயனாளரைக் குறைகூறும் அறிவிப்பைக் காட்டுவது முறையன்று. கோளாறு நேர்ந்த நேரம், பக்கம், திரையிலிருந்த வாசகம் ஆகிய மூன்றையும் முறையீட்டில் பதிவு செய்தால் தொழில்நுட்பப் பிரிவினர் விரைந்து செயற்பட இயலும். கடைசி நாளில் சேவையகம் முடங்கியிருந்தால், இழந்த நேரத்தை விண்ணப்பதாரருக்கு ஈடு செய்தலே நீதியாகும்.

மொழியும் இங்குக் கருதத்தக்கது. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள வகை செய்துள்ளது. அறிவிப்புகள் மக்களுக்குப் புரியும் மொழியில் அமைந்தாலன்றி, இதுகாறும் அளித்த பயிற்சி முழுப் பயனைத் தராது. முன்பு சேவை மையத்தில் இடர்ப்பட்டவர் எதிரிலிருந்த ஊழியரிடம் காரணம் கேட்டறிந்தார். இணையதளமும் அத்தகைய தெளிவான விடையை அளிக்கும்போதுதான், அது அனைவருக்கும் உரியதாகும்.