முளைவிட்ட வெள்ளைப்பூடு

வெள்ளைப்பூட்டை உரிக்கும்போது நடுவில் பச்சைக் குருத்து தெரிந்தால் எங்கள் வீட்டில் அதைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். "முளைச்ச பூடு செமிக்காது மகள், வயித்த ஊதவெக்கும்" என்பது உம்மம்மாவின் தீர்ப்பு. ஆனால் குருத்தை எடுத்துவிட்டுச் சமைத்த பூட்டுக் கறியைச் சாப்பிட்டாலும் உம்மாவுக்கு வயிறு ஊதத்தான் செய்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு இதைத் தேடிப் பார்க்கத் தோன்றியது.

பூட்டின் ஒவ்வொரு பல்லும் உணவைச் சேமித்துப் பருத்த ஓர் இலைதான். அதிலிருப்பது அரிசியில் உள்ளதுபோன்ற மாப்பொருள் அல்ல. பிரக்டான் என்னும் காபோவைதரேற்று. பூட்டின் உலர்நிறையில் பாதிக்கு மேல் அதுவே. மாப்பொருளை உடைக்கும் நொதியங்கள் நம் உமிழ்நீரிலேயே தொடங்கிவிடுகின்றன. பிரக்டானை உடைக்கும் நொதியமோ மனித உடலில் சுரப்பதில்லை. அது சமிபாடடையாமலே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. பலருக்கு இது தெரியாமலே கடந்துவிடும். சிலருக்கு ஓரிரு பல்லே போதும். தேங்காய்ப்பாலில் முழுப் பூட்டையும் போட்டு ஆக்கும் கறியென்றால் கேட்கவா வேண்டும்!

இனி குருத்து. கூடையில் கிடக்கும் பூட்டுக்கு மண்ணுமில்லை, உரமுமில்லை. முளைப்பதற்கு அது தன் பிரக்டானையே உடைத்துச் செலவிடுகிறது. ஆகவே வயிற்றை ஊதவைக்கும் பொருள் முளைக்கும்போது குறையுமேயன்றிக் கூடாது.

உருளைக்கிழங்கைப் பற்றிய அச்சம் பூட்டின் மீதும் ஏறியிருக்கலாம் என்பது என் எண்ணம். முளைத்துப் பச்சை நிறமான உருளைக்கிழங்கில் சொலனைன் என்ற நச்சுப்பொருள் கூடும்; அதை ஒதுக்குவது சரியே. பூட்டில் அந்த நச்சு இல்லை. ஐந்து நாள் முளைத்த பூட்டில் ஒட்சியேற்ற எதிர்ப்புத் தன்மை கூடியிருந்ததாகக் கொரிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். ஆனால் குருத்து சற்றுக் கசக்கும். பச்சையாக அரைக்கும் சம்பலுக்கு உம்மம்மா அதைக் கிள்ளுவதில் நியாயமுண்டு. பூஞ்சணம் பிடித்ததையும் அழுகி இளகியதையும் எறிந்துவிட வேண்டும்.

உம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, வேறெதையும் சேர்க்குமுன் எடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும். குழம்பில் கொதித்த பிறகு பல்லைப் பொறுக்கி ஒதுக்குவதில் பயனில்லை. அதற்குள் பிரக்டான் குழம்பில் கரைந்திருக்கும்.