மிளகாய் விதை: ஈரக் கடதாசியா, மண் தட்டா, ஹீட் மாட்டா?

ரொறன்ரோவில் மிளகாய்க் கன்றை வெளியே நட விக்டோரியா டே கழிய வேண்டும். மே நடுப்பகுதி வரை உறைபனி விழலாம். விழாவிட்டாலும், இரவில் 12 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் கன்று வளராமல் அப்படியே நிற்கும். அதனால் மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதை போட்டு, 8 முதல் 10 கிழமைக் கன்றாக்கித்தான் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிந்தினால் செடி பூக்கும்போது கோடை முடிந்துவிடும்.

எந்த முறையில் முளைக்க வைத்தாலும் மிளகாய்க்குச் சூடு வேண்டும். 25 முதல் 30 பாகைச் சூட்டில் ஏறக்குறைய ஒரு கிழமையில் முளை வரும். 20 பாகையில் இரண்டு கிழமை ஆகும். 15 பாகையில் மூன்று கிழமை கடந்தும் காத்திருக்க வேண்டும். அதற்குள் பல விதைகள் அழுகிவிடும். கொச்சி இனங்கள் நல்ல சூட்டிலும் தாமதமாகவே வரும், ஒரு மாதம்வரை பொறுக்கலாம். கத்தரிக்கும் சூடு வேண்டும். தக்காளிதான் இலகு, சாதாரண அறைச் சூட்டிலேயே முளைத்துவிடும்.

விதை பழையது, அல்லது ஊரிலிருந்து யாரோ பொட்டலத்தில் தந்தது என்றால் ஈரக் கடதாசித் துவாய் நல்லது. நனைத்துப் பிழிந்து, விதைகளைப் பரப்பி மடித்து, சிப்லொக் பைக்குள் வைத்தால் போதும். செத்தல் மிளகாயில் எடுத்த விதைக்கும் இதே சோதனைதான். வெயிலில் காய்ந்த செத்தல் முளைக்கக்கூடும். இயந்திரச் சூட்டில் காய்ந்ததை நம்ப முடியாது. 10 விதை போட்டு 3 முளைத்தால் அதற்கேற்ப நெருக்கமாக விதைக்கலாம். இந்த முறையில் கஷ்டம் பிறகுதான் வரும். வேர் அரை சென்ரிமீற்றர் நீளுவதற்குள் எடுத்து நட வேண்டும். ஒரு சனி ஞாயிறு மறந்தால் வேர் கடதாசிக்குள் புகுந்துவிடும், இழுத்தால் அறும். நாளுக்கு ஒரு தடவை பையைத் திறந்து பார்க்க மனமில்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

புதிய, நம்பகமான விதைக்கு நேரே தட்டுதான். தோட்டத்து மண் வேண்டாம். அது இறுகும், நாற்றழுகலுக்குக் காரணமான பங்கசும் அதில் இருக்கும். விதைக் கலவை வாங்குங்கள், அல்லது தும்புத் தூளைப் பயன்படுத்துங்கள். அரை சென்ரிமீற்றர் ஆழம் போதும். தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி, கலவை தானாக உறிஞ்ச விடுங்கள். மேலே பிளாஸ்ரிக் மூடி இருக்கலாம், ஆனால் முதல் முளை தெரிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். பாதிக் கன்றுகள் மூடிக்குள் சாய்ந்து சாவது இந்தக் கட்டத்தில்தான். வலை சுற்றிய பீற் வில்லைகள் பார்க்க அழகு. விரைவில் காய்ந்துவிடும், வலையும் வேரைத் தடுக்கலாம். காசுக்குப் பெறுமதி இல்லை என்பது என் கணிப்பு.

இனிக் காசு செலவழிக்கும் கேள்வி. ஹீட் மாட்டா, விளக்கா? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் விளக்கையே வாங்குங்கள். ஹீட் மாட் கலவையை அறைச் சூட்டைவிட 5 முதல் 10 பாகை கூட்டும். 18 பாகை பேஸ்மன்ட்டில் அது பெரிய உதவிதான். ஆனால் அதன் வேலை முளைக்கும்வரை மட்டுமே. அந்தச் சூட்டுக்கு வீட்டிலேயே வழி உண்டு. தோசை மா புளிக்க அவணுக்குள் விளக்கைப் போட்டு வைப்போமே, அதே இடத்தில் விதைப் பையையும் வைக்கலாம். வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள், 32 பாகைக்கு மேல் ஏறினால் கதவைச் சற்றுத் திறந்துவிடுங்கள். அவண் கதவில் ஒரு துண்டுக் கடதாசியும் ஒட்டுங்கள். வீட்டில் மற்றவர்களும் சமைப்பார்கள்.

வெளிச்சத்துக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. மார்ச் மாத யன்னல், தெற்குப் பார்த்ததாக இருந்தாலும், கன்றை நூல்போல நீட்டிவிடும். அப்படி நீண்ட கன்றைப் பிறகு திருத்துவது கஷ்டம். கராஜில் மாட்டும் சாதாரண எல்.இ.டி விளக்கே போதும். ஊதா நிற விளக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. கன்றின் நுனிக்கு 10 சென்ரிமீற்றர் அளவு மேலே தொங்கவிட்டு, தினம் 14 முதல் 16 மணிநேரம் எரிய விடுங்கள். கன்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

பாகல், புடோல் விதைகளுக்கு ஓடு தடிப்பு. ஓரத்தை நகவெட்டியால் இலேசாக வெட்டி, இரவு முழுக்க ஊறவைத்து, கடதாசித் துவாயில் சூடாக வைத்தால் விரைவாக முளைக்கும். இவை வேகமாகக் கொடியோடுவதால் ஏப்ரல் கடைசிவரை பொறுங்கள். வெண்டிக்கும் பயித்தைக்கும் வேரைக் குழப்பினால் பிடிக்காது. வெண்டியை உள்ளே தொடங்குவதானால் மே தொடக்கத்தில், ஆழமான கடதாசிக் கோப்பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, நடும்போது வேரைக் கலைக்காமல் கோப்பையைக் கிழித்து எடுங்கள். பயித்தை விதையை ஜூனில், மண் சூடானபின், வேலியோரம் நேரே ஊன்றினால் போதும்.