எச்டிஆர் வீடியோ வெளிறிப் போகுதா? மானிட்டர் வாங்கும் முன் இந்த செட்டிங்கைப் பாருங்க



போன மாதம் போனில் எடுத்த ஒரு வீடியோவை எடிட் பண்ண உட்கார்ந்தேன். போன் திரையில் பளிச்சென்று இருந்த காட்சி, பிரீமியர் ப்ரோவுக்குள் வந்ததும் முகமெல்லாம் வெள்ளையடித்த மாதிரி ஆகிடுச்சு. பின்னாடி போர்டில் எழுதின எண்கள் எதுவுமே தெரியல. "மானிட்டர்தான் சரியில்ல"ன்னு நானே முடிவு பண்ணி, 58,000 ரூபாய்க்கு ஒரு எச்டிஆர் மானிட்டரை கார்ட்டில் போட்டுட்டேன். 12 மாத இஎம்ஐ வேற! பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். சரியாகிடுச்சு.

என்ன நடந்ததுன்னு பார்க்கலாம்.

நிட் என்றால் என்ன?

திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட். சாதாரண வீடியோ, அதாவது எஸ்டிஆர், 100 நிட் அளவை வைத்துத் தயாராகுது. எச்டிஆரில் பிக்யூ என்ற முறையின் உச்ச வரம்பு 10,000 நிட். ஆனா எல்லாமே அந்த உச்சத்துக்குப் போகாது. வெள்ளைத் தாள், டைட்டில் எழுத்து மாதிரி சாதாரண வெள்ளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 203 நிட்தான். அதுக்கு மேலே உள்ள இடம் சூரியன், விளக்கு, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி இவற்றுக்கு.

நம்ம பாஷையில் சொன்னா, உச்ச நிட் என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசி. 203 என்பது மாசாமாசம் கையில் வர்ற சம்பளம். வீட்டு பட்ஜெட்டை சிடிசியை வச்சுப் போட்டா என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும்.

தப்பு எங்கே?

ஐபோன் 12 முதல் வந்த மாடல்கள் எச்டிஆரில் பதிவு செய்யும். அந்த வீடியோவை எஸ்டிஆர் டைம்லைனில் அப்படியே போட்டால், 100 சதவீதத்தைத் தாண்டிய வெளிச்சம் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். விவரம் அழிஞ்சு போகல, காட்டத்தான் இடமில்லை.

என்ன செய்யணும்?

1. பார்வையாளர்களுக்கு எஸ்டிஆர் போதும்னா, சீக்வன்ஸ் செட்டிங்ஸில் வொர்க்கிங் கலர் ஸ்பேஸை ரெக் 709 என்று வைத்து, ஆட்டோ டோன் மேப் மீடியாவை டிக் பண்ணுங்க. அதிக வெளிச்சத்தை அதுவே இறக்கிக் கொடுக்கும். என்னைக் காப்பாற்றியது இந்த டிக்தான்.

2. எச்டிஆரிலேயே வெளியிடணும்னா, எச்டிஆர் கிராஃபிக்ஸ் ஒயிட் அளவை 203-லேயே விடுங்க. இது வீடியோவைப் பளிச்சாக்கும் பட்டன் இல்லை. டைட்டில், ஸ்லைடு இவற்றின் வெள்ளை எந்த வெளிச்சத்தில் நிற்கணும்னு சொல்றது. ஏற்றிட்டா, இருட்டில் போன் பார்க்கிறவங்க கண்ணு கூசும்.

3. எச்டிஆரே வேண்டாம்னா, ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ போய் எச்டிஆர் வீடியோவை அணைச்சிடுங்க.

அப்போ மானிட்டர்?

எச்டிஆரிலேயே வேலை முடிச்சுக் கொடுத்து சம்பாதிக்கிறவங்களுக்கு அது தேவை. வாங்கும்போது, "டிஸ்ப்ளே எச்டிஆர் 400" என்பது அந்தச் சான்றிதழின் தொடக்க நிலை மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. கிரெடிட் கார்டு "நோ காஸ்ட்" இஎம்ஐயில் கூட வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பெரும்பாலும் பிராசஸிங் ஃபீயும் சேரும். "டாக்ஸில் கழிச்சுக்கலாம்"னு நினைக்காதீங்க. சம்பள வருமானத்தில் இந்தச் செலவைக் கழிக்க முடியாது. வீடியோ வருமானத்தைத் தொழில் வருமானமாகக் கணக்கு வைத்துக் காட்டுறவங்கதான் தேய்மானம் கிளெய்ம் பண்ண முடியும்.

அதனால முதலில் செட்டிங், அப்புறம் ஷாப்பிங். இன்னைக்கே உங்க பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து அந்த டிக் இருக்கான்னு பாருங்க. என் கார்ட்டில் இருந்த 58,000 ரூபாய் இன்னும் என் அக்கவுண்ட்லதான் இருக்கு!