ரிப்பேருக்குக் கொடுத்த போன் உள்ளே, கடைக்குப் பூட்டு வெளியே

போய்ப் பார்த்தா ஷட்டர் இறங்கியிருக்கு, கடைக்காரர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். உடனே ‘போனது போச்சு’ன்னு புது போன் வாங்கக் கிளம்பிடாதே. ‘ரெண்டு நாள்ல திறந்துடுவாங்க’ன்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றதை நம்பி மாசக்கணக்கா காத்துக்கிட்டும் இருக்காதே. திருப்பதியிலயும் சித்தூர்லயும் நிறைய பேர் பண்ற தப்பு இந்த ரெண்டுதான்.

பெரிய கடைதானே, எங்கே போயிடும்னு கேட்காதே. 1997-ல சென்னையில ஆரம்பிச்ச சுபிக்‌ஷா, மளிகை, மருந்து, செல்போன்னு வித்து, நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை வரைக்கும் வளர்ந்துச்சு. 2009 ஆரம்பத்துல பணம் முடங்கி எல்லாம் இழுத்து மூடியாச்சு. காவல் இல்லாத கடைகள்ல புகுந்து பொருளை அள்ளிட்டுப் போனதும் அப்போ நடந்தது. அதனாலதான் முதல் சில நாளை வீணாக்காதேன்னு சொல்றேன்.

ஒண்ணை மட்டும் மனசுல பதிய வெச்சுக்கோ. ரிப்பேருக்குக் கொடுத்த போன் உன் சொத்து. கடை திவாலானாலும் கடன் கொடுத்தவங்க அதுல கை வைக்க முடியாது. அடுத்தவங்க நம்பி ஒப்படைச்ச பொருள் கம்பெனி சொத்துல சேராதுன்னு 2016-ல வந்த திவால் சட்டமே சொல்லுது. ஆனா நீ கட்டின அட்வான்ஸ் அப்படி இல்லை. அது கடை உனக்குத் தர வேண்டிய கடன். அதுக்கு வரிசையில நிக்கணும், பாங்குக்காரங்க உனக்கு ரொம்ப முன்னாடி நிப்பாங்க. அதனால முதல்ல போனைக் கேளு, பணம் அப்புறம்.

1. ஜாப் ஷீட்டைத் தேடு. துண்டுச் சீட்டுல ‘டிஸ்ப்ளே, 1200’ன்னு கிறுக்கிக் கொடுத்தா அதை மடிச்சுப் பர்ஸுல வெச்சுக்கிட்டு வந்துடுறே! அதுல உன் பேரும் இல்லை, போன் மாடலும் இல்லை. இனிமே தேதி, மாடல், ஐஎம்இஐ நம்பர், என்ன கோளாறு, எவ்வளவு அட்வான்ஸ், கடை சீல், எல்லாம் இருந்தாத்தான் போனைக் கையை விட்டுக் கொடுக்கணும். இப்போ சீட்டே இல்லைன்னா அழாதே. பணம் அனுப்பின யுபிஐ ரசீது, ‘போன் ரெடியா அண்ணா’ன்னு கேட்ட வாட்ஸ்அப், வாங்கினப்போ கொடுத்த பில், போன் டப்பா, இது போதும். எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

2. கடையைப் போட்டோ எடு. போர்டு, பூட்டு, ஒட்டியிருக்கிற நோட்டீஸ், எல்லாம் வரணும். பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி நம்பரைப் பாரு. 37-ல ஆரம்பிச்சா ஆந்திரா, 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. அதை ஜிஎஸ்டி இணையதளத்துல போட்டா யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு தெரியும். ஒரே ஆள் நடத்துற கடைன்னா, ஷட்டரை இறக்கினாலும் அவர் பொறுப்பு இறங்காது. சில சமயம் பூட்டு போட்டது வாடகை வராத கட்டட ஓனரா இருப்பார். அவர்கிட்டயும் எழுத்துல கேளு. வாடகைப் பாக்கிக்கு உன் போனைப் பிடிச்சு வைக்க அவருக்கு உரிமை இல்லை.

3. ஒரு கடிதம் அனுப்பு. வாயால சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘இந்தத் தேதியில் கொடுத்தேன், பதினைந்து நாளில் திருப்பித் தாருங்கள்’, நாலு வரி போதும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வை. வேலை முடிஞ்சிருந்தா அதுக்கான கூலியை அவங்க கேட்கலாம், கொடுத்துடு. வேலையே செய்யாம போனைப் பிடிச்சு வைக்க முடியாது.

4. கடை கம்பெனியா இருந்து, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துல திவால் வழக்கு ஏத்துக்கிட்டாங்கன்னா, பேப்பர்ல அறிவிப்பு வரும். நியமிச்ச அதிகாரிக்கு அட்வான்ஸ் தொகைக்கு ஒரு மனு, ‘போன் என்னுடையது’ன்னு தனியா ஒரு கடிதம். ரெண்டையும் கலக்காதே. அந்தச் சமயத்துல கம்பெனி மேல வேற வழக்கு நகராது.

5. வாரன்ட்டி இருக்கா? வித்த கடை மூடினாலும் தயாரிச்ச கம்பெனியோட வாரன்ட்டி சாகாது. கம்பெனி போர்டு போட்ட சர்வீஸ் சென்டரையே பெரும்பாலும் வேற ஏஜென்சிதான் நடத்தும். அது மூடினா நேரா கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஜாப் நம்பரைச் சொல்லு, எழுத்துல பதில் வாங்கு. ‘எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி’ன்னு தனியாப் பணம் வாங்கியிருந்தா, கொடுத்தது கடையா, இன்சூரன்ஸ் கம்பெனியான்னு பாரு. இன்சூரன்ஸ்னா தப்பிச்சே.

6. போனைத் தவணையில வாங்கியிருந்தா இஎம்ஐயை நிறுத்தாதே. கோபத்துல நிறுத்திடுறாங்க, அப்புறம் சிபில் ஸ்கோர் விழுந்து வீட்டு லோன் கேட்கிறப்போ முழிக்கிறாங்க. கடன் கொடுத்தது கடை இல்லை, ஃபைனான்ஸ் கம்பெனி.

7. 1915-க்கு அடி. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் தெலுங்குலயும் பேசுவாங்க. அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். சித்தூர்லயும் இருக்கு, திருப்பதியிலயும் இருக்கு. வேலூர்லயோ சென்னையிலயோ வாங்கினதா இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம். நீ கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைன்ல ‘இ-ஜாக்ரிதி’ங்கிற நுகர்வோர் வழக்குத் தளத்துலயும் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

8. ஆள் போனோட ஓடிட்டார்னு தெரிஞ்சா போலீஸ்ல எழுதிக் கொடு. நம்பி ஒப்படைச்ச பொருளை அமுக்கறது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவு. புகார் நகலை வெச்சு ‘சஞ்சார் சாத்தி’ தளத்துல ஐஎம்இஐயை முடக்கலாம். போன் திரும்பக் கிடைச்சா முடக்கத்தை எடுத்துடலாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி அவசரம் வேற ஒண்ணு. லாக் நம்பரையும் சொல்லிட்டு வந்திருப்பியே? இப்பவே வேற போன்ல இருந்து கூகுள் பாஸ்வேர்டை மாத்து, பாங்குக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்து, சிம் உள்ளே இருந்தா டூப்ளிகேட் வாங்கு. அடுத்த தடவை சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிட்டுக் கொடு. லாக் நம்பர் கேட்டா, உன் எதிர்லயே திறந்து சோதிச்சுக்கட்டும்.

வீட்டுல இருக்கிற ஒவ்வொரு போன்லயும் *#06# அடிச்சு, வர்ற ஐஎம்இஐ நம்பரை ஒரு நோட்டுல எழுதி, பில்லோட சேர்த்து பீரோவுல வெச்சுடு.