மனை வாங்கும் முன்: கழிவுநீர் எங்கே போகும்?

சென்னை, கோவை புறநகர்களில் பாதாளச் சாக்கடை வருவதற்குள் வீடுகள் வந்துவிடுகின்றன. முன்பணம் கொடுக்கும் முன்பே புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். பக்கத்தில் 'ஓடை', 'வாய்க்கால்' என்று இருந்தால், இன்று புல் முளைத்த மேடாகத் தெரிந்தாலும் ஐப்பசி மழைக்கு அதுதான் தண்ணீரின் பாதை.

அடியில் தளம் போடாமல் நாலு உறையை இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், மலநீர் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். அடித்தளமும் சுவரும் கசியாமல் பூசி, நடுவில் தடுப்புச் சுவரோடு இரண்டு அறைகள் வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீருக்கு உறிஞ்சுகுழி. அந்தக் குழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அளக்கும்போது பக்கத்து வீட்டு போர்வெல்லையும் சேர்த்தே அளங்கள், அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் உள்ள லாரியை அழைத்துக் கழிவை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்பதே சரியான பதில். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயு நொடியில் உயிரை எடுத்துவிடும்.

குளிக்கும் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

தெருவில் போகும் மழைநீர் வடிகாலில் மட்டும் கழிவுநீர்க் குழாயை இணைக்காதீர்கள். அந்த வடிகால் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் ஏரிக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேரும்.