வட இமயமும் தென் பொதியிலும்

சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் அசையாது நிலைபெற வேண்டும் என்று வாழ்த்த வந்த முரஞ்சியூர் முடிநாகராயர், இரண்டு மலைகளை உவமையாகக் காட்டினார். வடக்கே இமயம், தெற்கே பொதியில். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு அது. நிலநூல் வல்லாரைக் கேட்டால், அசையாமைக்குப் பொதியிலே பொருத்தமான உவமை என்பார்கள்.

ஏனெனில் இமயம் இன்னும் அசைந்து கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து நகர்ந்து சென்ற இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையிலிருந்த கடலின் அடிப்படிவுகள் மடிந்து மலையாயின. எவரெஸ்டின் உச்சிப் பாறையில் கடல் உயிரிகளின் எச்சங்கள் இருப்பது இதனால்தான். மோதல் இன்றும் ஓயவில்லை. 2015-இல் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கமும் அதன் விளைவே.

பொதியிலின் கதை வேறு. இங்குள்ள பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. உயரத்தில் மட்டும் இது இளையது: எவரெஸ்ட் 8,848 மீட்டர், நம் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது அதைச் சமன்செய்ய அகத்தியர் இங்கு வந்தார் என்பது புராணம். அதில் நிலநூலைத் தேட வேண்டியதில்லை. இரு மலைகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த கற்பனையே போதும்.

நமக்கு முக்கியமான வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது. கங்கைக்கும் சிந்துவுக்கும் மழையோடு பனியும் கைகொடுக்கிறது. மழையற்ற கோடையிலும் பனி உருகி ஓடும். பொதியிலில் பனிப்பாறை ஏது? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தருவதைக் காட்டு மண்ணும் வேர்களும் சோலைப் புல்வெளிகளும் பிடித்து வைத்து, சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவுதான் கிழக்கே தாமிரபரணியாகித் திருநெல்வேலி வயல்களுக்குப் போகிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் ஆகிறது. கரமனையாற்றில் பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் தேக்கிய நீரே திருவனந்தபுரத்தில் நம் வீட்டுக் குழாய்களில் வருகிறது. நெல்லையிலிருந்து இங்கு குடியேறியவர்கள் ஊர் மாறினார்களே தவிர மலை மாறவில்லை!

ஆகவே காடு அழிந்தால் இங்கு மாற்றுக் கையிருப்பு கிடையாது. பெய்த மழை வெள்ளமாய் ஓடிவிடும். மாசியில் ஆறு மணலைக் காட்டும். 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. கேரளம், தமிழ்நாடு இரண்டின் காடுகளும் அதில் அடக்கம். மாநில எல்லை மலைமுகட்டோடு போகிறது. மழை மேகத்துக்கு அது தெரியாது.