தள்ளுபடி விலையும் மின் அட்டைக் கணக்கும்

(ஆரணி விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

ஆரணியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வேளாண்மையும் பட்டு நெசவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து நடப்பது புதிதன்று. அண்ணன் மணிலாக் கொல்லையில் இருப்பான். தம்பி வீட்டில் குழித்தறியில் அமர்ந்திருப்பான். இத்தகைய குடும்பங்களில் ஆடியிலும் தீபாவளியிலும் ஒரு கேள்வி எழுகின்றது. கடைக்காரர் மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தள்ளுபடி கொடுக்கிறார், வாங்கலாமா, கூடாதா? இக்கேள்விக்கு விடை கடையில் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மின் அட்டையில் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தள்ளுபடி இருவகை

கடைக்காரர் சரக்கு விற்பதற்காகக் குறைக்கும் விலை ஒருவகை. அதில் சாதனம் மின்சாரத்தை மிகுதியாகத் தின்னுமா, குறைவாகத் தின்னுமா என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. மின்சாரம் வழங்குவோரே, மின்சாரம் குறைவாகச் செலவாகும் சாதனத்தை வாங்குபவருக்கு விலையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வது மற்றொரு வகை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கலிபோர்னியா முதலிய இடங்களில் இது பரவிற்று. மின்சாரம் விற்பவர் அதைக் குறைத்துச் செலவிடப் பணம் கொடுப்பானேன் என்று கேட்கலாம். புதிய மின் நிலையம் கட்டி ஒரு யூனிட் உண்டாக்குவதைவிட, வீடுகளில் ஒரு யூனிட் மிச்சம் பிடிப்பது பல சமயங்களில் மலிவாக முடிகிறது என்பதே காரணம்.

2. புதுச்சேரியில் நடந்தது

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 2014-ஆம் ஆண்டு இம்முறை பரீட்சிக்கப்பட்டது. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்தால் 7 வாட் எல்.இ.டி. பல்பு பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. அக்காலத்தில் அப்பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். மீதித் தொகையை, மிச்சமாகும் மின்சாரத்தின் மதிப்பிலிருந்து மின்துறை தவணையாகச் செலுத்துவதென ஏற்பாடு. 2015 ஜனவரி 5-ஆம் தேதி இத்திட்டம் தேசமெங்கும் விரிந்து, பின்னர் ‘உஜாலா’ என்று பெயர் பெற்றது. மொத்தமாக வாங்கியதால் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கிற்று. 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வினியோகமாயின. ஆகவே பல்பைப் பொறுத்தவரை நாம் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

3. நட்சத்திரச் சீட்டைப் படிக்கும் விதம்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006-ஆம் ஆண்டு நட்சத்திரச் சீட்டு முறையை ஏற்படுத்திற்று. கூரை விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயமாயிற்று. நட்சத்திரம் அதிகமாயின் மின்செலவு குறைவு. ஆயினும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுதல் போதாது. அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், பழைய சீட்டின் ஐந்து நட்சத்திரம் புதிய சீட்டின் ஐந்துக்கு ஈடாகாது. சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டையும், குளிர்சாதனப் பெட்டியாயின் ஓராண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் பார்த்தல் வேண்டும். தேங்கிய பழைய சரக்கே பெரும்பாலும் பெருந்தள்ளுபடியில் விற்கப்படும்.

4. ஒரு குடும்பத்தின் கணக்கு

சாதாரண கூரை விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி சுமார் 30 வாட். கோடையில் இரண்டு விசிறிகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னவை 108 யூனிட்டும் பின்னவை 43 யூனிட்டும் செலவழிக்கும். மிச்சம் 65 யூனிட்.

இந்த 65 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டண முறைப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்கு உட்பட்டால், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, பின் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினாலோ 2.25 ரூபாய்ச் சலுகை நீங்கி, 101 முதலே 4.50 ஆகும், 500-க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய்.

இதன்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். அதாவது பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! கட்டண விகிதம் பின்னர் மாறியிருப்பினும், எந்த எல்லையைத் தாண்டினால் சலுகை போகிறது என்று அறிந்து வைப்பது எக்காலத்தும் பிரயோஜனமே.

இப்போது 560 யூனிட் செலவிடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 2,430 ரூபாய். இரண்டு விசிறிகளை மாற்றினால் செலவு 495 யூனிட்டாக இறங்கிக் கட்டணம் 1,695 ஆகும். இலாபம் 735 ரூபாய். 180 யூனிட் செலவிடும் குடும்பமும் அதே விசிறிகளை வாங்கிற்று என்போம். அங்கே 65 யூனிட்டின் மதிப்பு 146 ரூபாயே. விசிறி ஒன்றே, தள்ளுபடியும் ஒன்றே. பலனோ ஐந்தில் ஒரு பங்கு. கடன் பட்டு வாங்க முதற்குடும்பத்துக்கு நியாயம் இருக்கலாம், இரண்டாவதற்கு இல்லை. பழைய விசிறி கெட்டு, எப்படியும் புதிது வாங்க நேரும் சமயமே அக்குடும்பத்துக்குத் தக்க சமயம்.

5. தறி வீடுகள்

கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கான இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 200-லிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அவ்வெல்லைக்குள் நிற்பவருக்கு மிச்சத்தால் கையில் காசு சேராது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆனால் நெசவாளிக்கு விளக்கு ஒரு கருவி. ஜரிகை இழையையும் அறுந்த பாவையும் கண்டு முடிய வேண்டிய கண்ணுக்கு, மினுமினுக்கும் பழைய குழல் விளக்கு பகை. சோக்குடன் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும் அதற்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. குழல், கண்ணை உறுத்தாத நல்ல தரத்தில் ஒன்று போதும். மேலும் மின்தடையின்போது பேட்டரியில் 75 வாட் விசிறி ஓடும் நேரத்தைவிட 30 வாட் விசிறி இருமடங்குக்கும் அதிக நேரம் ஓடும். தறி நிற்காமையே அங்கு இலாபம்.

6. கிணற்று மோட்டார்

இதே நியாயம் கொல்லைக்கும் பொருந்தும். விவசாய மின்சாரம் இலவசமாயிருக்கையில் திறன் மிக்க மோட்டார் எதற்கு என்று குடியானவர் கேட்கின்றனர். மின்சாரம் இலவசம், மும்முனை மின்சாரம் வரும் நேரமோ அளவுபட்டது. பலமுறை சுருள் கட்டிய பழைய மோட்டார் அந்நேரத்தில் இறைக்கும் நீர் குறைவு. நல்ல மோட்டார் அதே நேரத்தில் அதிகப் பாத்திகளை நனைக்கும். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சிறு, குறு விவசாயிகள் புதிய மோட்டார் பம்புசெட் வாங்க 10,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. நடப்பு ஆண்டின் தொகையையும் நிபந்தனையையும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, அனுமதி பெற்ற பின்னரே வாங்குக. முன்னே வாங்கிவிட்டுப் பின்னே மானியம் தேடி அலைவது வீண்.

7. கவனிக்க வேண்டுவன

(அ) கடைக்குப் போகுமுன் மின் அட்டையில் கடந்த ஆறு கணக்கீடுகளையும் எழுதிக்கொள்க. எந்த மாதங்களில் எல்லை தாண்டுகிறது என்பது தெரியும்.

(ஆ) நெடுநேரம் ஓடும் சாதனத்தை முதலில் மாற்றுக. தினமும் அரைமணி ஓடும் மிக்ஸியை மாற்றுவதால் பெரும் பலனில்லை.

(இ) வாட் அளவை 1,000-ஆல் வகுத்து, ஓடும் மணிகளாலும் 60 நாட்களாலும் பெருக்கினால் இரண்டு மாத யூனிட் கிடைக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுக்கலாம்.

(ஈ) மாற்றிய பழைய விசிறியை வேறு அறையில் மாட்டாதீர்கள். மாட்டினால் மிச்சமான யூனிட் அவ்வழியே போய்விடும்.

விதை வாங்கும்போது முளைப்புத்திறனைக் கேட்டே விலை பேசுகிறோம். சாதனம் வாங்கும்போதும் அவ்வாறே யூனிட்டைக் கேட்டபின் தள்ளுபடியைக் கேட்போமாக.